நீதிபதியின் ஒப்புதல் வாக்குமூலம்

அன்று காலையில் ஜெசிந்தாவுக்குச் சந்தோஷத்தில் இட்லி இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கறுப்பு கோட்டை மாட்டிக்கொண்டாள். வண்டிச் சாவியை வீடு முழுக்கத் தேடி, கடைசியில் அது கையிலேயே இருப்பதைக் கண்டு, தன்னைத்தானே நாலு வார்த்தை திட்டிக்கொண்டு கிளம்பினாள். திருச்சியில் வக்கீல் தொழில் பார்க்கிறவர்களில் யாருக்கும் இப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. ஒரு மனிதனைத் தூக்குக் கயிற்றிலிருந்து இறக்கப் போகிறாள். அதுவும் ஒரு தொப்பியை வைத்து!

தொப்பி என்பது கோர்ட்டுக்காரர்கள் வைத்த செல்லப் பெயர். அரசாணையில் அதன் பெயர் புரிதல் ஒப்பீட்டுக் கவசம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் யாரும் சொல்வதில்லை.

புத்தி வளர்ச்சி குறைந்தவரைத் தூக்கில் போடக் கூடாது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. யார் அப்படிக் குறைந்தவர் என்பதில்தான் தகராறு. அரசுத் தரப்பு டாக்டர் ஒன்று சொல்வார், எதிர்த்தரப்பு டாக்டர் நேர்மாறாகச் சொல்வார். நீதிபதி இரண்டு பேரையும் பார்த்துக் கொட்டாவி விடுவார். அதற்குத்தான் இந்தப் புதுச் சட்டம். நீதிபதியே தொப்பியை மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டிய நேரம் முழுக்க, குற்றவாளிக்கு எவ்வளவு புரியுமோ அவ்வளவுதான் நீதிபதிக்கும் புரியும். அந்த நிலையில் தீர்ப்பைப் படித்துக் காட்டி, சட்டம் வகுத்த கேள்விகளைக் கேட்பார்கள். “புரியவில்லை” என்று நீதிபதி சொன்னால் தூக்கு ரத்து. “புரிகிறது” என்றால் கயிறு உறுதி. சட்டம் நிறைவேறிய அன்று நாடே கைதட்டியது. அந்தச் சட்டம் கேட்டுப் போராடியவர்களில் ஒருத்தியான ஜெசிந்தா தன் அலுவலகம் இருந்த தெரு முழுக்க லட்டு கொடுத்தாள்.

அந்தச் சட்டத்தின் முதல் வழக்கே அவளுடையது. அவள் கட்சிக்காரன் குழந்தைவேலு ஓர் ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாளம் தூக்கிக்கொண்டிருந்தவன். முப்பது வயது தாண்டிவிட்டது. கடிகாரம் பார்க்கத் தெரியாது. பஸ் நம்பர் தெரியாது, பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறுவான். ஒரு நாள் கம்பெனி முதலாளி, பாளங்களை வண்டியில் ஏற்றும் மேடைக்குக் கீழே மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். பக்கத்தில் குழந்தைவேலு நின்றுகொண்டிருந்தான். போலீஸ் கேட்டது. “நான்தான் தள்ளினேன்” என்று சொல்லிவிட்டான். அடி உதை எதுவும் இல்லை என்று கேமரா சாட்சி சொன்னால் போலீசிடம் கொடுத்த வாக்குமூலமே செல்லும் என்று அந்தக் காலத்தில் சட்டம் மாறியிருந்தது. கேமராவில் அவன் சிரித்த முகமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே ஒப்புக்கொண்டிருந்தான். இரண்டு நீதிமன்றங்கள் அதை நம்பின. தை பிறந்ததும் தூக்கு.

மறுஆய்வு மன்றத்தின் வராந்தாவில் முபாரக் நின்றிருந்தார். தொப்பியைச் செய்த குழுவிலிருந்து வந்திருக்கும் பொறியாளர். வழுக்கைத் தலை, தோளில் கருவிப் பை, கண்ணில் தூக்கமின்மை.

“ஒரே ஒரு தடவை எனக்கு மாட்டி விடுங்க சார்,” என்றாள் ஜெசிந்தா.

“விளையாடாதீங்க மேடம். ஜட்ஜைத் தவிர யார் போட்டாலும் என் வேலை போயிரும். ரெண்டு தரப்பும் முன்னாடியே ஒத்திகை பாத்துரக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு.”

“மாட்டினா என்ன ஆகும்னாவது சொல்லுங்க.”

“குழந்தைவேலுவை உட்கார வெச்சு அளந்தாச்சு. பேச்சை அவரு மூளை எப்படி வாங்குது, எவ்வளவை நழுவ விடுது, எத்தனை நேரம் பிடிச்சு வெக்குதுன்னு. ஜட்ஜோட மூளையைத் தொப்பி அந்த அளவுக்கு இறக்கி வெக்கும். கழட்டினா பழையபடி.”

“ஆக, ஜட்ஜ் குழந்தைவேலுவா மாறிடுவாரு!”

“அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. குணம் மாறாது மேடம். பயம், வெட்கம், கோவம் எல்லாம் ஜட்ஜோடதுதான். புரியற அளவு மட்டும்தான் குழந்தைவேலுவோடது.”

இதைக் கேட்டதும் ஜெசிந்தாவின் உற்சாகம் இன்னும் ஒரு படி ஏறியது. தீனதயாளனை அவளுக்குத் தெரியும். எதையும் இரண்டாவது தடவை சொல்ல விடாத நீதிபதி. அப்பேர்ப்பட்டவரே தடுமாறி “புரியவில்லை” என்று சொல்லும்போது எப்படி இருக்கும்! வெளியே டிவிக்காரர்கள் வேறு கூட்டமாக நின்றார்கள்.

அரசு வழக்கறிஞர் கோதண்டபாணி அவளைக் கடந்து போகும்போது நின்றார். நல்ல மனுஷர்தான். சண்டையைக் கோர்ட்டோடு விட்டுவிட்டு வெளியே வந்து காபி வாங்கிக் கொடுப்பார்.

“என்னம்மா, இந்தத் தடவையும் லட்டுக்குச் சொல்லியாச்சா?”

“உங்களுக்குத் தனியா ஒரு டப்பா எடுத்து வெக்கிறேன் சார்.”

“சர்க்கரை இருக்கும்மா எனக்கு. காராபூந்தியாப் பாத்துக் குடு.”

உள்ளே கூண்டில் குழந்தைவேலு நின்றான். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய அக்கா அமிர்தவல்லி முன்வரிசையில், புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அவள்தான்.

நீதிபதி வந்தார், எல்லோரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். முபாரக் மேடையேறித் தொப்பியை அவர் தலையில் பொருத்தி, ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் கீழே இறங்கினார். தீனதயாளனின் முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கண் மட்டும் கொஞ்சம் வேகமாக அலைந்தது.

மன்ற எழுத்தர் தீர்ப்பைப் படித்தார். அதில் இருந்த வாக்கியம் ஒவ்வொன்றும் முழ நீளம். ஜெசிந்தா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு நிமிடம், இதோ, இதோ!

“உங்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனை என்ன என்பது புரிகிறதா?” என்று எழுத்தர் கேட்டார்.

“புரியுதுங்க,” என்றார் நீதிபதி.

ஜெசிந்தாவுக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்தது.

“எதற்காக விதிக்கப்பட்டது என்பது புரிகிறதா?”

“புரியுதுங்க.”

“இதற்கு மேல் கருணை மனு தவிர வேறு வழியில்லை என்பது புரிகிறதா?”

“நல்லாப் புரியுதுங்க,” என்று சொல்லி நீதிபதி புன்னகை செய்தார்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கோதண்டபாணியே திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றியை விடப் பரிதாபம்தான் அதிகம். இவள் வாங்கிக் கொடுத்த லட்டு, இவளே கேட்டு வாங்கிய சட்டம், இவளே கயிற்றை முறுக்கி எடுத்து வந்து கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. கூண்டில் குழந்தைவேலுவும் நீதிபதியைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தான்.

அப்போது அமிர்தவல்லி எழுந்துவிட்டாள்.

“ஐயா, புரியலேன்னு சொல்லுங்கய்யா! உங்களுக்குப் புரியலேய்யா!”

காவலர் வந்து அவள் தோளை அழுத்தினார். ஜெசிந்தா ஓடிப் போய் அவளை உட்கார வைத்தாள்.

“அக்கா, சும்மா இருங்க. வெளிய அனுப்பிடுவாங்க.”

“அது என் தம்பி மொகம் வக்கீலம்மா,” என்றாள் அமிர்தவல்லி. “ஒண்ணுமே வெளங்காதப்பத்தான் அவன் இப்படிச் சிரிப்பான். நான்தான் பழக்கிவிட்டேன். தெருவுல எல்லாரும் லூசு லூசுன்னு கேலி பண்ணுவாங்க. என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க, தம்பி ஒரு மாதிரியாமேன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போனாங்க. அதான், யாரு என்ன கேட்டாலும் சிரிச்ச மொகமாப் புரியுதுன்னு சொல்லுடா, ஒருத்தனும் உன்னைக் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொல்லிக் குடுத்தேன். நெசமாவே ஒருத்தரும் கண்டுபிடிக்கல வக்கீலம்மா.”

ஜெசிந்தா மேடையைத் திரும்பிப் பார்த்தாள். நீதிபதியின் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. அவர் எழுத்தரின் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பதில் என்னவாக இருக்க வேண்டும் என்று அந்த முகத்திலிருந்து எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதிக்கு யாரும் எதையும் பழக்கிவிடவில்லை. குணம் அவருடையது, வெட்கமும் அவருடையதே. இத்தனை பேர் முன்னால் புரியவில்லை என்று சொல்ல ஒரு நீதிபதிக்கே வாய் வரவில்லையென்றால் குழந்தைவேலுவுக்கு எங்கிருந்து வரும்?

அவளுக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது. தொப்பி இன்னும் கழற்றப்படவில்லை.

“தொப்பி இருக்கும்போதே எதிர்த்தரப்பும் கேள்வி கேட்கலாம்னு சட்டம் சொல்லுது,” என்றாள் சத்தமாக. “நான் கேட்கிறேன்.”

கோதண்டபாணி கையை விரித்தார். “தாராளமாக் கேளும்மா.” முடிந்துபோன வழக்கில் யார் ஆட்சேபிப்பார்கள்?

ஜெசிந்தா மேடைக்குப் பக்கத்தில் போனாள். குழந்தைவேலுவை விசாரித்த பதிவை அவள் எத்தனையோ தடவை பார்த்தவள். இன்ஸ்பெக்டரின் ஒவ்வொரு சொல்லும், அவர் குரல் எங்கே குழையும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். அதே குழைவை வரவழைத்துக்கொண்டாள்.

“டீ சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேங்க,” என்றார் நீதிபதி. முகம் தெளிந்தது. இது அவருக்குப் புரிகிற கேள்வி.

“சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்ல?”

“ஆமாங்க. போகணும்.”

“ஐஸ் கம்பெனி முதலாளி உங்களைத் திட்டுவாரு, இல்லையா?”

நீதிபதி அவள் முகத்தைத் தேடினார். ஜெசிந்தா லேசாகத் தலையாட்டினாள்.

“திட்டுவாருங்க.”

“திட்டினா கோவம் வரும்ல? யாருக்கா இருந்தாலும் வரும். தப்பில்ல.”

“வரும்ங்க.”

“அன்னிக்கும் வந்துச்சு. மேடையில நின்னாரு. தள்ளிட்டீங்க.”

“நானா?” என்றார் நீதிபதி.

ஜெசிந்தா முகத்தைச் சுளித்தாள். அவ்வளவுதான். நீதிபதியின் புன்னகை ஆட்டம் கண்டது. பக்கத்திலிருந்த எழுத்தரைப் பார்த்தார், கோதண்டபாணியைப் பார்த்தார், யாரும் கைகொடுக்கவில்லை.

“நீங்கதானே? வேற யாரு இருந்தா அங்க? சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுபோச்சு.”

“ஆமாங்க,” என்றார் நீதிபதி. “தள்ளினேங்க. நான்தான் தள்ளினேன்.”

ஜெசிந்தா மலர்ந்து சிரித்தாள். நீதிபதியும் சிரித்தார். பரீட்சையில் தேறிய சந்தோஷம் அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. முபாரக் ஓடிப் போய்த் தொப்பியைக் கழற்றினார்.

“ஆட்சேபணை!” கோதண்டபாணி நாற்காலியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. “இது அக்கிரமம்! கனம் நீதிபதி அவர்கள் சொன்ன எதுவும் செல்லாது. கேட்டது என்னன்னே புரியாத நிலையில இருந்த மனுஷர் வாயில இவங்களே பதிலை ஊட்டியிருக்காங்க. முகத்தைக் காட்டிக் காட்டியே ஆமான்னு சொல்ல வெச்சிருக்காங்க. இதுக்குப் பேர் வாக்குமூலமா? இதைக் குறிப்பிலிருந்து நீக்கணும்!”

“நீக்க வேண்டாம்,” என்றாள் ஜெசிந்தா. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “அரசு வழக்கறிஞர் இப்போ சொன்னது ஒரு வார்த்தை விடாமல் பதிவாகணும். இதைத்தான் நான் ரெண்டு கோர்ட்டுல தொண்டை கிழியக் கத்தினேன். ஐயா எனக்காக எவ்வளவு அழகாச் சொல்லிட்டாரு!”

தான் என்ன சொன்னோம் என்பது கோதண்டபாணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் பழம் தின்று கொட்டை போட்டவர், ஒரு வழியைப் பிடித்துவிட்டார்.

“கருவியில கோளாறுன்னு தோணுது மை லார்ட். இன்னிக்கு நடந்த சோதனையே செல்லாதுன்னு எழுதிரலாம். உங்க பேருக்கும் ஒரு கெடுதலும் வராது. பழைய தீர்ப்பு இருக்கவே இருக்கு.”

கோளாறு என்று எழுதிவிட்டால் நீதிபதி தப்பித்துக்கொள்வார். குழந்தைவேலு தை மாதம் தொங்குவான்.

தீனதயாளன் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். முபாரக்கைப் பார்த்து, “கோளாறா?” என்றார்.

“இல்லை சார். எல்லா அளவும் சரியாத்தான் இருக்கு.”

“அப்படின்னா ரெண்டுல ஒண்ணு,” என்றார் நீதிபதி மெதுவாக. “எனக்குப் புரிஞ்சதுன்னு சொன்னது உண்மைன்னா, நான் தள்ளினேன்னு சொன்னதும் உண்மை. என்னைப் பிடிச்சு உள்ளே போடணும். இல்லைன்னா…”

அவர் நிறுத்தினார். வெளியே டிவி வண்டிகளின் இரைச்சல் கேட்டது. மன்றம் முழுக்க அவர் வாயையே பார்த்தது. ஒரு தடவை சொன்னதைத் திரும்பச் சொல்ல விடாத மனிதர், அந்த ஒரு வார்த்தைக்காகத் திணறினார். இப்போது தலையில் தொப்பி இல்லை. இருந்தும் அது வரவில்லை. சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினாள்.

“எனக்கு ஒண்ணும் புரியலை,” என்றார் தீனதயாளன். “தூக்குங்கற வார்த்தை காதுல விழுந்துச்சு. மத்ததெல்லாம் இரைச்சல். எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. புரியலைன்னு சொல்ல அவமானமா இருந்துச்சு, அதனால புரியுதுன்னேன். அந்தம்மா கேட்டப்ப, எந்தப் பதிலுக்கு அவங்க முகம் மலருமோ அதைச் சொல்லிட்டா விட்டுருவாங்கன்னு தோணுச்சு. சொன்னேன். சொன்னப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?” அவர் எழுத்தர் பக்கம் திரும்பினார். “நீதிபதிக்குப் புரியவில்லை என்று எழுதுங்க. தூக்கு ரத்து.”

ஆரவாரம் கூரையைப் பிளந்தது. யாரோ கைதட்டினார்கள், யாரோ விசிலே அடித்துவிட்டார்கள். அமிர்தவல்லி ஜெசிந்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். கோதண்டபாணி நாற்காலியை நிமிர்த்தி வைத்து, “நம்ம வாயாலேயே நம்மளைக் கட்டிப்போட்டுருச்சே இந்தப் பொண்ணு,” என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தார். அதில் கோபம் அவ்வளவாக இல்லை.

தீனதயாளன் மேசையைத் தட்டி அமைதியாக இருக்கச் சொன்னார்.

“இன்னும் முடியலை. நான் குடுத்த மாதிரி ஒரு வாக்குமூலம்தான் இந்த ஆள் மேலயும் இருக்கு. அதை எடுத்துட்டா இந்த வழக்குல என்ன மிச்சம்னு தெரியணும். நானே அவரைக் கேட்கப் போறேன். ஆனா அதுக்கு முன்னாடி எல்லாரும் எழுந்திருங்க.”

எல்லோரும் எழுந்தார்கள்.

“திரும்பிச் சுவரைப் பாத்து நில்லுங்க. வக்கீல்கள், காவலர்கள், அவங்க அக்கா, எல்லாருமேதான். ஒருத்தர் முகம் கூட அவருக்குத் தெரியக் கூடாது.”

மன்றத்தில் இப்படி ஓர் உத்தரவு அதுவரை யாரும் கேட்டதில்லை. கோதண்டபாணி ஜெசிந்தாவைப் பார்த்தார், ஜெசிந்தா கோதண்டபாணியைப் பார்த்தாள், இருவரும் திரும்பினார்கள். செருப்புகள் உரசின. நாற்காலிகள் நகர்ந்தன. கூடம் முழுக்கச் சுவரைப் பார்த்து நின்றது. பின்னால் நீதிபதியின் சுழல்நாற்காலி கிறீச்சிட்டது, அவரும் திரும்பிவிட்டார் என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது.

“குழந்தைவேலு,” என்றது தீனதயாளனின் குரல். “அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

கூண்டுக் கம்பியைத் தட்டும் சத்தம் கேட்டது. அவன் முகங்களைத் தேடுகிறான். ஒன்றும் அகப்படவில்லை. ஜெசிந்தா சுவரில் ஒட்டியிருந்த மின்விசிறிச் சுவிட்சுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் திரும்பிப் பார்த்து ஒரு தைரியம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லக் கூடாது.

வெகுநேரம் கழித்துக் குழந்தைவேலு பேசினான். குரலில் சிரிப்பு இல்லை. அவன் சிரிக்காமல் பேசி ஜெசிந்தா கேட்பது அதுதான் முதல் தடவை.

“நான் போறப்பவே ஐயா கீழ கிடந்தாருங்க. தரையெல்லாம் ஐஸ் தண்ணி, ஐயாவுக்குக் குளிருமேன்னு சாக்கை எடுத்துப் போத்தி விட்டேன். எந்திரிங்கய்யான்னு கூப்பிட்டேன். எந்திரிக்கலைங்க.”

சுவரோரமாக யாரோ விம்மினார்கள். அது அமிர்தவல்லியாக இருக்கலாம். நீதிபதி அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“இதை ஏன்ப்பா அன்னிக்கே போலீஸ்ல சொல்லலை?”

“சொன்னேங்க,” என்றான் குழந்தைவேலு. “கேமரா போடறதுக்கு முன்னாடியே அதைத்தாங்க சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஐயா மொகம் மாறிப்போச்சுங்க. அதான், வேற சொன்னேன்.”

இதைக் கேட்ட பிறகும் யாரும் திரும்பவில்லை.